வேகாத கறி

எங்கள் வீட்டு நாய்க்குட்டி முதன்முதலாகச் சேவல்போலக் கூவியபோது முள்ளிச்செவலில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் விடிகிற நேரத்தில் எங்காவது ஒரு சேவல் கூவத்தான் செய்யும், கூவியது யார் என்று எழுந்துபோய்ப் பார்க்கிற அளவுக்கு இங்கே யாரும் சும்மா இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருவதற்குள் குளித்துச் சோறு கட்ட வேண்டும். நான் பார்த்தேன். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாலை மட்டும் நாய்போல ஆட்டிக்கொண்டு கூவியது. முந்தின நாள் கோழிக் கழுத்து போட்டிருந்தேன். சரி, அதுதான் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

பச்சையாகப் போடச் சொன்னது என் மகள் தமயந்தி. கோயம்புத்தூரில் இருக்கிறாள். அம்மா போனபின் அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு விவரத்தை ஆரம்பித்துவிட்டாள்: வளர்கிற குட்டிக்குச் சோறு கூடாது, பருப்பு கூடாது, வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, அது சில்லுச் சில்லாய் உடைந்து குடலைக் கிழிக்கும், கறியும் எலும்பும் ஈரலும் எல்லாம் பச்சையாக, எலும்பு என்றால் கோழிக் கழுத்து மாதிரி மெல்ல முடிகிற எலும்பு, ஈரல் கொஞ்சமாக, அதிகம் போனால் வயிற்றால் போகும், வாரத்தில் ஒருநாள் மீன், அவசரப்பட்டுக் கொழுக்க வைத்தால் பாரம் தாங்காமல் முன்கால் வளைந்துவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை.

"நானே ரெண்டு வேளைதான் சாப்பிடுறேன்" என்றேன்.

"நீங்க வளரலப்பா" என்றாள்.

ப்ரூனோ என்று பெயரும் வைத்துவிட்டுப் போனாள். நான் அப்படிக் கூப்பிடவில்லை. டேய் என்றால் திரும்பியது, போதும். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு பாதி இந்தியாவுக்கு லாரி ஓட்டியவன் நான், ஊரில் இன்னும் டிரைவரண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனக்கே சொந்தப் பெயர் பாதி மறந்துவிட்டது, நாய்க்கு எதற்கு.

கறிக்குப் பால்சாமியிடம் போனேன். வேறு யாரிடம் போவது? செத்துப்போன என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக என் பக்கத்தில் நின்றவன், அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கறிக்கடை வைத்திருந்தான். பேச்சின் கடைசியில் அவனுக்கு ஓர் இழுவை உண்டு, "வாங்க மச்சா..ன்" என்று ஆரம்பித்தால் அது எங்கோ ஒரு மந்தைக்குள் போய் முடியும், தொழில் தொண்டையில் ஏறிவிட்டது என்று ஊர் சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"பச்சையாவா குடுக்கீக மச்சான்? நல்லதுதான்" என்றான். "நானே சுவரொட்டியப் பச்சையாத்தான முழுங்குறேன், அறுத்த சூட்டோட. ரத்தம் ஊறும்பாக. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

சுவரொட்டி என்று அவன் சொன்னது ஆட்டின் மண்ணீரலை. ஒவ்வொரு ஆடு அறுக்கும்போதும் அது அவன் பங்கு, கத்தியைக் கழுவுவதற்கு முன்னால் வாயில் போட்டுக்கொள்வான், சின்ன வயசிலிருந்தே பழக்கம். நான் அதைப் பார்க்கப் பிடிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

குட்டி, ஆட்டு ஈரல் போட்டால் ம்மே என்றது, முட்டை போட்டால் கொக்கரித்தது, கறி செரிக்கிறவரைக்கும் அந்தக் குரல், செரித்தபின் சொந்தக் குரைப்பு. ஊர் இதை ஒரு வாரம் சிரித்தது, அப்புறம் வேலைக்கு வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையானால் பெண்கள் கறிப்பையோடு என் வாசலில் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கு ஒரு துண்டு கிள்ளிப் போட்டு, குட்டி வெள்ளாட்டுக் குரலில் கத்தினால் வீட்டுக்குப் போய் மசாலா அரைத்தார்கள், செம்மறிக் குரலில் கத்தினால் வந்த வழியே கடைக்குத் திரும்பிப்போய்ச் சண்டை போட்டார்கள். சந்தையில் கிழட்டுச் செம்மறியை இளங்கிடா என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்த வியாபாரி ஒருத்தன் தராசைக்கூட எடுக்காமல் ஊரைவிட்டே போனான். கல்யாண வீட்டுக்காரர்கள் ஆட்டோ அனுப்பிக் குட்டியைச் சமையல் பந்தலுக்கு அழைத்துப்போனார்கள். யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. டிரைவரண்ணாச்சி வீட்டு நாய் சரியாகச் சொல்லும் என்றார்கள், அவ்வளவுதான்.

மீன் போட்டால் மட்டும் சத்தமே வராது. டீக்கடைச் சித்திரைவேல், மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அவனே சாளை வாங்கிக் கொண்டுவந்து குட்டிக்குப் போடுவான், தெரு நிம்மதியாக இருக்கும். அந்த ஐப்பசியில் ஒருநாள், மீன் தின்ற குட்டி வாசலில் கூரைத்தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போய் நின்றது. எந்த நாயும் நனைந்தால் உடம்பைச் சிலுப்பும், பக்கத்தில் இருக்கிறவன் வேட்டி நாசம். இது சிலுப்பவில்லை. கண்ணை விழித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தண்ணீர் வடிய வடிய மழை விடும்வரை நின்றது. ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற ஜெபமாலை மழைக்கு என் வாசலில் ஒதுங்கியிருந்தாள்.

"தண்ணி அதுக்கு வீடு மாதிரி ஆயிட்டு அண்ணாச்சி" என்றாள்.



இனி பேச்சி கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டுப்பேச்சி எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறாள். வருஷா வருஷம் அவளுக்கு எடுக்கிற கொடைத் திருவிழா முடிந்ததும் ஊர்ப் பொதுவில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, அவளுக்கென்று நேர்ந்து விட்டுவிடுவோம், அடுத்த கொடை வரைக்கும் அது யார் வீட்டு வாசலிலும் நிற்கும், யார் தோட்டத்திலும் மேயும், அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது, அது எல்லாருடையதும், யாருடையதும் இல்லை. கொடையன்று உச்சிப் பொழுதில் அவள் முன்னால் நிறுத்தி மஞ்சத்தண்ணீர் ஊற்றுவோம். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் பேச்சி சரி என்றுவிட்டாள் என்று அர்த்தம், அப்போதுதான் வெட்டலாம். சிலுப்பாவிட்டால் இன்னொரு குடம். சிலுப்பாத கிடாவை எவனும் தொட முடியாது.

அந்த வருஷத்துக் கிடா நல்ல கறுப்பு. டீக்கடை வாசலில் பன் கேட்டு நிற்கும், பன் தராவிட்டால் பீடிக்கட்டைத் தின்றுவிடும், பீடி தின்று தின்று இருமல் வந்துவிட்டது. ம்மே என்று ஆரம்பித்து, நடுவில் கிழவன் மாதிரி ஓர் இருமல் இருமி, மறுபடி ம்மே என்று முடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியும். காலையில் பன் முடிந்ததும் நேரே பால்சாமி கடைக்குப் போகும். ஆடு கறிக்கடைக்குப் போவதா என்று கேட்காதீர்கள், அவன் அதற்கென்று அகத்திக்கீரை வாங்கி வைத்திருப்பான், கையால் ஊட்டுவான்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஆவுடையப்பன்தான் கொடைக் கமிட்டித் தலைவர். அவர் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார், ஊர் முழுக்கச் சாப்பாடு, கறிக்குப் பால்சாமி பொறுப்பு. அந்த வாரம் பார்த்துக் கோமாரி நோய் என்று சந்தையை மூடிவிட்டார்கள், ஆடு கிடைக்காமல் பால்சாமி ஊர் ஊராக அலைந்தான். காதுகுத்தன்று காலையில் என் வீட்டுக்கு ஒரு பையோடு வந்தான். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். பையில் நெஞ்செலும்பு, கொஞ்சம் ஈரல், ஒரு முழு இதயம். குட்டியைக் காட்டினான், பையைக் காட்டினான், காசு வேண்டாம் என்று கையை ஆட்டினான், தொண்டையைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினான்.

"தொண்டை கட்டிக்கிச்சா?" என்றேன்.

தலையாட்டினான். போய்விட்டான்.

குட்டிக்குப் போட்டுவிட்டுக் காதுகுத்துக்குப் போனேன். கறி பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ஊரே வாங்கியது.

வீட்டுக்குத் திரும்பினால் குட்டி வாசலில் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் ம்மே என்றது. இருமியது. மறுபடி ம்மே என்றது.

மற்ற கறியெல்லாம் செரித்தால் போய்விடும். இது போகவில்லை. கோழி போட்டேன், கூவவில்லை, இருமியது. மறுநாள் காலையில் நான் பிடிக்கப் பிடிக்க ஓடி, சித்திரைவேல் கடை வாசலில் போய் நின்று பன் கேட்டது, பன் முடிந்ததும் பேச்சி கோயிலுக்குப் போய்ப் படிக்கல்லில் தலையை முட்டிவிட்டு வந்தது, கிடா தினம் செய்கிற அதே வரிசையில்; பால்சாமி கடைப்பக்கம் மட்டும் போகவில்லை. கிடாவைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேடுவதை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே எனக்கு விளங்கிவிட்டது. காதுகுத்துக்கு ஓர் ஆடு குறைந்திருக்கிறது, பேச்சி கிடா வழக்கம்போல அவன் கைக்கீரையை நம்பிக் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறது. அண்டாவில் வெந்தது ஊர் வயிற்றில் பேசாமல் கிடக்கிறது. வேகாமல் போனதுதான் குட்டியின் வாயால் கத்துகிறது.

கிடா காணாமல் போனால் ஊருக்கு ஆகாது என்று பயந்திருந்தார்கள், பயத்தை ஆவுடையப்பன் தீர்த்துவைத்தார். "காணாமப் போகல. நாய்க்குள்ள இருக்கு" என்றார். அப்பாடா என்றது ஊர். பூசாரி வந்து குட்டி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார், பெண்கள் தொட்டுக் கும்பிட்டார்கள், சித்திரைவேல் பன்னுக்கு நடுவில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தான், தெருவில் கார் நின்று வழிவிட்டது. எப்படி உள்ளே போனது என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. கேட்டால் தன் வயிற்றையும் கேட்க வேண்டும்.

நான் பால்சாமி கடைக்குப் போனேன். மரக்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தான், துண்டு கழுத்திலேயே இருந்தது.

"அந்தப் பையில இருந்தது என்ன கறி மாப்ளே?" என்றேன்.

கும்பிட்டான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"ஆமாம், இல்லைன்னு தலைய ஆட்டு. அதுக்குத் தொண்டை வேண்டாம்."

ஆட்டவில்லை. கண்ணில் தண்ணீர் விட்டான். என் மனைவி செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அவள் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தேன், நினைத்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

கொடை நெருங்கியது. கோயில் பந்தலில் கூட்டம் போட்டார்கள். கிடா இருக்கிறது, ஆகவே கொடை உண்டு, கொடை உண்டென்றால் கிடாவை வெட்ட வேண்டும் என்று ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், எல்லாரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள்.

நான் எழுந்தேன். "நாய வெட்டப் போறீகளா?"

"நாய யாரு அண்ணாச்சி வெட்டுறா? நாய்க்குள்ள இருக்கிற கிடாயத்தான்" என்றார்.

"முதல்ல கிடாய அறுத்தது யாருன்னு கேளுங்க. இந்தா உக்காந்திருக்கான் பால்சாமி, அவனக் கேளுங்க. காதுகுத்துல இலையில விழுந்தது என்னன்னு கேளுங்க. நான் தின்னேன், நீங்க தின்னீங்க, எல்லாரும்தான் தின்னோம்."

ஒரு குழந்தை சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பால்சாமி துண்டால் வாயை அமுக்கிக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"சொந்த மச்சினன இப்படிப் பேசுறாரே" என்றாள் ஒருத்தி.

"தனியா இருந்தா இப்படித்தான், மூளை சூடாயிரும்" என்றான் சித்திரைவேல். என் கையில் டீ கொடுத்த கை அது.

"சரி, பேச்சிகிட்டயே விட்டுருவோம்" என்றார் ஆவுடையப்பன். "தண்ணி ஊத்துவோம். சிலுப்பலைன்னா உங்க நாய் உங்களுக்கு."

"நனைஞ்சா எந்த நாய்யா சிலுப்பாது?"

"அப்ப பேச்சிக்குச் சம்மதம்னு நீங்களே சொல்றீங்க."

அதற்குப் பிறகு எனக்குப் பால் வரவில்லை. கடையில் நான் நின்றால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்தார்கள். தமயந்தி போன் செய்தாள்.

"அப்பா, ஊருக்கு முன்னால மாமாவக் கேள்வி கேட்டீங்களாமே. மாமா அழுதாங்களாம்."

"அவன்தான் சொன்னானா? வாயே திறக்கலியே."

"ஆவுடையப்பன் சார் பேசினார். ஒரு நாய்க்காக எல்லாரையும் பகைச்சுக்கிட்டு அங்க எப்படிப்பா இருப்பீங்க? நான் வேற குட்டி வாங்கித் தர்றேன்."

"அதுக்கும் பச்சையாத்தான் போடணுமா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்காவது போய்விடலாம், எனக்குத் தெரியாத ரோடு இல்லை. ஊர் எல்லை வந்ததும் குட்டி என் மடியிலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்து, புழுதியில் உருண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஊருக்குள் நடந்தது. நேர்ந்து விட்ட கிடா எல்லை தாண்டாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி அதன் பின்னாலேயே நானும் நடந்தேன். கால் நேராகத்தான் வளர்ந்திருந்தது, தமயந்தி சொன்ன மாதிரியே. சிப்பிப்பாறை நடை, அதில் கிடாவின் இருமல்.

அப்போதுதான் ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. ஜெபமாலை வண்டியை மறித்தேன்.

"சாளை தினம் வேணும். கொடை வரைக்கும்."

என் முகத்தைப் பார்த்தாள். அவள் வேற்றூர்க்காரி, வேறு சாமிக்காரி, முள்ளிச்செவலில் கறி தின்றவளும் இல்லை. எதற்கு என்று கேட்கவில்லை. "காலைல பிடிச்சதாக் கொண்டாறேன்" என்றாள், கொண்டுவந்தாள்.

கதவை அடைத்துக்கொண்டு போட்டேன். வேறு எதுவும் போடவில்லை. முதல் சில நாள் இருமல் இருந்தது, அப்புறம் நீருக்கு அடியிலிருந்து வருவதுபோல அமுங்கியது, அப்புறம் நின்றது. குட்டி சுவரோரமாக மெதுவாகத் திரும்பித் திரும்பி நடந்தது, கண்ணை இமைக்கவே இல்லை.

கொடையன்று உச்சி வெயில். மேளம், உறுமி, தலைக்கு மேல் குலவை. குட்டியை நானே கொண்டுபோனேன், இல்லாவிட்டால் கட்டித் தூக்கிப்போவார்கள். பேச்சிக்குக் கிடா வெட்டுகிற உரிமை பால்சாமி குடும்பத்துக்கு, அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குட்டியின் கயிற்றைக் கையில் பிடித்தான். துண்டு கழுத்தில். குனிந்து கயிற்றைச் சரிசெய்தபோது குட்டியின் வாயருகில் மூக்கு போயிருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

பூசாரி மஞ்சத்தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தார். குட்டி நின்றது. மேளம் ஏறியது. இரண்டாவது குடம், முதுகில் விழுந்து வயிற்றில் வடிந்தது, குட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் முணுமுணுப்பு. ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூன்றாவது குடம், நான்காவது குடம், மஞ்சள் தண்ணீர் தரையில் ஓடிச் செருப்பெல்லாம் மிதந்தது, குலவை போட்டவர்களுக்கு நாக்கு சோர்ந்தது, குட்டி ஏதோ ஊருணிக்குள் நிற்பதுபோல வாலை லேசாக ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உயிர் வந்தது.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த குடத்தை ஓங்கி வீசினார். பாதி குட்டிமேல். பாதி கயிறு பிடித்திருந்தவன் தலையில்.

பால்சாமி சிலுப்பினான்.

தலையில் ஆரம்பித்து, தோள், முதுகு, இடுப்பு என்று கடைசி வரைக்கும், கிடா சிலுப்புவதுபோல, நாலு பக்கமும் மஞ்சள் தெறிக்கச் சிலுப்பினான். துண்டு கழன்று விழுந்தது. வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனான், அதற்குள் வந்துவிட்டது. ம்மே என்றான். இருமினான். மறுபடி ம்மே என்றான்.

மேளம் நின்றது. அறுத்த சூட்டோடு அவன் விழுங்கிய சுவரொட்டி, இத்தனை நாள் துண்டுக்குள் பூட்டி வைத்திருந்தது, பேச்சி முன்னால் பேசிவிட்டது. இப்போதாவது என் பக்கம் திரும்புவார்கள், ஒருத்தராவது அண்ணாச்சி நீங்க சொன்னது சரிதான் என்பார்கள் என்று நின்றேன். ஒருத்தரும் திரும்பவில்லை. பூசாரி குட்டியின் கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார், எதுவுமே நடக்காததுபோலப் பால்சாமியின் கழுத்தில் கட்டினார், பெண்கள் குலவை போட்டார்கள்.

"இந்த வருஷத்துக்குப் பூசணிக்காய் போதும்" என்றார் ஆவுடையப்பன். "மிச்சத்த அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம்."

மறுநாள் எனக்குப் பால் வந்தது. "என்ன அண்ணாச்சி, குட்டி நல்லாருக்கா?" என்றான் சித்திரைவேல், டீயை நீட்டிக்கொண்டு. வாங்காமல் வந்துவிட்டேன். தமயந்தி போனில், "எல்லாம் சுமுகமா முடிஞ்சுதாமே, நான்தான் சொன்னேனே" என்றாள்.

பால்சாமி கடையை மூடிவிட்டான். ஊர் அவனுக்குச் சோறு போட்டது. காலையில் சித்திரைவேல் கடையில் வெண்ணெய் தடவிய பன், எந்தத் தோட்டத்திலும் கைவைக்கலாம், எந்த வாசலிலும் உட்காரலாம், பெண்கள் தொட்டுக் கும்பிட்டார்கள், கார் நின்று வழிவிட்டது. அகத்திக்கீரைக் கட்டோடு ஆவுடையப்பனே வந்து அவனுக்குக் கையால் ஊட்டுவதைப் பார்த்தேன். கறியையும் மீனையும் அவன் கண்ணில் காட்டமாட்டார்கள், நேர்ந்து விட்டதற்கு ஆகாது. நன்றாகக் கன்னம் வைத்து உருண்டு திரண்டான். அறுத்தவன் அவன். கேட்டவன் நான். இருவரில் யாருக்குப் பன் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மீனை நிறுத்திவிட்டுப் பழையபடி கறியும் எலும்பும் ஈரலும் வெட்டிப் போட்டேன். குட்டிக்குச் சொந்தக் குரைப்பு வரவில்லை. இருமல்தான் திரும்பியது. தட்டை நக்கி முடித்ததும் வாசலைத் தாண்டி நேரே போய்ப் பால்சாமி எங்கே இருக்கிறானோ அங்கே அவன் காலடியில் படுத்துக்கொண்டது. அவன் ஒரு தடவை இருமுவான், அது ஒரு தடவை இருமும். ஒரே ஆடு, இரண்டு இடத்தில் கிடந்து தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டது. நான் டேய் என்றேன். திரும்பிப் பார்த்தது. எழுந்து வரவில்லை. தீனி இங்கே, படுக்கை அங்கே என்று ஆகிவிட்டது. வளர்ந்து நாயாகிவிட்டது, இனி குட்டி என்று சொல்ல முடியாது.

மறு கொடைக்குப் பந்தல்கால் நட்டார்கள். கொல்லன் பட்டறையில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார், புது அரிவாள் ஒன்று நெருப்பில் சிவந்துகொண்டிருந்தது.

"மனுசனையா?" என்றேன்.

"மனுசன யாரு அண்ணாச்சி வெட்டுறா?" என்றார்.

மறுநாள் மத்தியானம் என் வாசலில் பால்சாமி நின்றான். கூடவே நாய். வெயிலில் அவன் கழுத்துக் கயிறு பளிச்சென்றிருந்தது. பேச்சை எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவந்தான், இடையில் இருமினான், மந்தைக்குள் போய்த் திரும்பி வந்தான்.

"மச்சா..ன். மீனு. பச்ச மீனு. அன்னைக்கு நாய் வாயில வாட வந்துச்சு... நான் யாருகிட்டயும் சொல்லல மச்சான்."

அவன் முகத்தில் என் மனைவியின் ஜாடை இருந்தது. மூக்கும் அந்த மேல் உதடும். அவளும் ஏதாவது வேண்டுமென்றால் இப்படித்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"உள்ள வா மாப்ளே. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். நாய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது. சாளை இருந்தது, ஜெபமாலை காலையில்தான் தந்துவிட்டுப் போனாள், கண் கலங்காத மீன். செதிலைச் சுரண்டினேன். அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நறுக்கினேன். குடலை எடுத்தேன். மூன்று தண்ணீரில் கழுவினேன். அப்புறம் புளியைக் கரைத்தேன், சட்டியை ஏற்றினேன், அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. எழுந்திருக்கவில்லை. என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ம்மே என்றான். இருமினான். நாயும் இருமியது.

"இரு" என்றேன். "வேகட்டும்."